ஒரு வயல், இரண்டு பயிர்!

பருத்திக்கு நடுவே பயறு போட்டால் லாபமா? செங்கல்பட்டு ஏரிப் பாசன நிலத்தில் அது நடக்குமா? இதோ, கணக்கு!

பருத்திச் செடி ஒரு மந்தமான பிள்ளை.

விதை முளைத்த பிறகு, முதல் இரண்டு மாதம் அது மெதுவாகத்தான் வளரும். நாலு இலை விடும். பிறகு கொஞ்சம் யோசிக்கும். மறுபடி நாலு இலை விடும்.

அதுவரை வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நிலம் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடக்கிற நிலம் சும்மா இருக்குமா? இருக்காது. கோரை முளைக்கும். அறுகு படரும். நீங்கள் பருத்திக்குப் போட்ட எருவைக் களை தின்னும். பருத்திக்குப் பாய்ச்சிய தண்ணீரைக் களை குடிக்கும். பிறகு அதைப் பிடுங்க ஆள் வைத்துக் கூலியும் கொடுக்க வேண்டும்.

களை முளைக்கிற இடத்தில் உளுந்து முளைத்தால் என்ன? சோயா முளைத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில்தான் ஊடுபயிர்.

ஊடுபயிர் என்றால் என்ன?

ஒரு பயிருக்கு ஊடே இன்னொரு பயிர். ஒரே நிலம், ஒரே காலம், இரண்டு விளைச்சல்.

இது புதிய வித்தை அல்ல. நிலக்கடலைக்கு நடுவே துவரை போடுவது நம் வழக்கம். சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு போடுவதும் உண்டு. வரப்பு ஓரத்தில் ஆமணக்கு நடுவார்கள். நம் பாட்டன்மார் இதற்குப் பெயர் வைக்கவில்லை, செய்து வந்தார்கள்.

ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பருத்திக்கும் பயறுக்கும் ஏன் பொருத்தம் நன்றாக இருக்கிறது? மூன்று காரணம் சொல்லலாம்.

முதல் காரணம், வயது. பருத்தி சுமார் 150 நாள் பயிர். உளுந்து 65 முதல் 70 நாளில் வீட்டுக்கு வந்துவிடும். சோயாவுக்குச் சுமார் 85 முதல் 90 நாள். பருத்தி கிளை பரப்பி, காய் பிடிக்கும் காலத்தில் உளுந்து இடத்தைக் காலி செய்துவிடும்.

இரண்டாவது காரணம், வேர். பருத்திக்கு ஆணிவேர், ஆழமாக இறங்கும். உளுந்தின் வேர் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே இருக்கும். ஒரே வீட்டில் ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் குடியிருப்பது போல!

மூன்றாவது காரணம், காற்று.

காற்றில் மிதக்கும் உரம்!

நாம் மூச்சு விடும் காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். தழைச்சத்து என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு வயலுக்கு மேலேயும் இந்தச் சத்து மலையாகக் கிடக்கிறது. ஆனால் நெல்லோ பருத்தியோ அதைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளாது. கடையில் யூரியாவாக வாங்கிப் போட்டால்தான் உண்டு.

பயறுச் செடிக்கு மட்டும் ஒரு நண்பன் இருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், பெயர் ரைசோபியம்.

ஒரு உளுந்துச் செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நோய் என்று பயப்பட வேண்டாம். அந்த முடிச்சுகள்தான் உரத் தொழிற்சாலை! ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், தொழிற்சாலை ஓடுகிறது என்று அர்த்தம்.

நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. பண்டமாற்று!

சரி, அந்த உரம் பக்கத்தில் நிற்கும் பருத்திக்குக் கிடைக்குமா?

"பயறு போட்டால் பருத்திக்கு உரமே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிவிடக் கூடாது. பயறு பிடித்த சத்தில் பெரும் பங்கைப் பயறே தன் விதைக்கு எடுத்துக் கொள்கிறது. அறுவடைக்குப் பிறகு, உதிர்ந்த இலையும் மண்ணில் தங்கிய வேரும் மக்கினால்தான் மிச்சம் கிடைக்கும். அது பருத்திக்குக் கொஞ்சம் உதவும். அடுத்து வரும் நெல்லுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

ஆகவே பருத்திக்கு உரிய உரத்தைப் பருத்திக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

காகிதமும் பென்சிலும் எடுங்கள்!

ஊடுபயிர் லாபமா, நஷ்டமா? அதை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம். இவை புரிவதற்காகச் சொல்லும் எண்கள்தான். உங்கள் வயலில் எண் மாறும்.

ஒரு ஏக்கரில் பருத்தி மட்டும் போட்டால் 8 குவிண்டால் என்று வைத்துக் கொள்வோம். உளுந்து மட்டும் போட்டால் 4 குவிண்டால்.

இரண்டையும் சேர்த்துப் போட்டோம். பருத்தி 7 குவிண்டால் வந்தது. உளுந்து ஒன்றரைக் குவிண்டால் வந்தது.

7 குவிண்டால் பருத்தியைத் தனியாக விளைவிக்க எவ்வளவு நிலம் வேண்டும்? 7-ஐ 8-ஆல் வகுத்தால், சுமார் 88 சென்ட். ஒன்றரைக் குவிண்டால் உளுந்தைத் தனியாக விளைவிக்க எவ்வளவு வேண்டும்? சுமார் 37 சென்ட்.

இரண்டையும் கூட்டினால் 125 சென்ட்.

அதாவது, ஒரு ஏக்கர் நிலம் ஒன்றேகால் ஏக்கர் வேலை செய்திருக்கிறது! கூட்டுத்தொகை 100 சென்டுக்கு மேல் வந்தால் ஊடுபயிர் நிலத்துக்கு லாபம். 100-க்குக் கீழே வந்தால் இரண்டையும் தனித்தனியாகவே போடலாம்.

நிலத்துக்கு லாபம் சரி. பைக்கு லாபமா?

2025-26-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு இப்படி: நடுத்தர இழைப் பருத்தி 7,710 ரூபாய், உளுந்து 7,800 ரூபாய், மஞ்சள் சோயா 5,328 ரூபாய்.

நம் உதாரணத்தில் பருத்தி ஒரு குவிண்டால் குறைந்தது. அது 7,710 ரூபாய் நஷ்டம். உளுந்து ஒன்றரைக் குவிண்டால் வந்தது. அது 11,700 ரூபாய் வரவு. மிச்சம் 3,990 ரூபாய். இதில் உளுந்து விதைக்கும், அறுக்கிற கூலிக்கும் போக நிற்பதுதான் கையில் நிற்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. உளுந்தை நெருக்கி விதைத்துவிட்டோம். தண்ணீரும் தட்டுப்பட்டது. பருத்தி இரண்டு குவிண்டால் குறைந்தது. அது 15,420 ரூபாய் நஷ்டம். உளுந்து வரவோ அதே 11,700 ரூபாய்தான். கைக்காசு போயிற்று!

ஒரே ஒரு குவிண்டால் பருத்தியில்தான் லாபமும் நஷ்டமும் திரும்புகின்றன. பயறு விருந்தாளி, பருத்தி வீட்டுக்காரன். விருந்தாளி அதிகமாகச் சாப்பிட்டால் வீட்டுக்காரன் பட்டினி!

ஆனால் ரூபாய்க் கணக்கில் வராத ஒரு நன்மையும் உண்டு. உளுந்துப் பணம் 70-ஆம் நாளில் வருகிறது. பருத்திப் பணம் வர இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவே உரம் வாங்கவும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு செய்யவும் கடன் வாங்காமல் அந்தப் பணம் தாங்கும். வட்டி மிச்சம் என்பதும் ஒரு விளைச்சல்தான்.

செங்கல்பட்டில் நடக்குமா?

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. இது பருத்தி அதிகம் விளையும் சீமை அல்ல. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் சீமை. தமிழ்நாட்டில் பருத்திக்குப் பேர் போனவை கோவில்பட்டிக் கரிசலும், பெரம்பலூரும், சேலமும்தான்.

ஏன் இப்படி? மழைதான் காரணம்.

செங்கல்பட்டுச் சீமையில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டிவிடும். அப்போது தாழ்ந்த நிலமெல்லாம் தண்ணீர். பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இலை மஞ்சளாகும், பூவும் பிஞ்சும் கொட்டும். உளுந்தும் சோயாவும் அதைவிட மென்மையானவை.

அதனால்தான் இங்கே ஒரு தனி வழக்கம் உண்டு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். முதல் மழையில் அது முளைக்கும். மழை வலுத்து ஏரி நிறைந்ததும் வயல் சேறாகிவிடும். பாதி நாள் புன்செய். மீதி நாள் நன்செய்! இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர்.

நெல்லுக்கு மூன்று பட்டம். முதலில் சம்பா. அது முடிந்து ஏரியில் தண்ணீர் இருந்தால் நவரை. கோடையிலும் கிணற்றில் தண்ணீர் இருந்தால் சொர்ணவாரி.

ஆனால் வானம் நம் பட்டத்தைப் பார்த்துப் பெய்வதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் யாருக்கு மறக்கும்? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டி மீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் உடைந்தன. ஊர்கள் மிதந்தன.

மறு ஆண்டு, 2016. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவ மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு! 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது.

ஒரு வருஷம் வெள்ளம். மறு வருஷம் வறட்சி. இதற்கு நடுவேதான் குடியானவன் குடும்பம் நடத்த வேண்டும். நெல் ஒன்றையே நம்பினால், ஏரி பாதி நிறைந்த வருஷத்தில் என்ன செய்வது? ஊடுபயிர்க் கேள்வி இங்கே வந்து நிற்கிறது.

தஞ்சாவூர் காட்டிய வழி

காவிரிக் கழனிகளில் ஒரு பழக்கம் உண்டு. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சம்பா அறுவடை ஆனதும், வயலில் பருத்தி விதைப்பார்கள். நெல் தரிசுப் பருத்தி என்று பெயர். எம்.சி.யு. 7 என்ற ரகம் இந்தப் பட்டத்துக்கு என்றே பேர் வாங்கியது.

தையிலோ மாசியிலோ விதைப்பார்கள். மண்ணில் தங்கிய ஈரத்திலேயே முளைக்கும். பிறகு பார் அணைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஆனி மாதத்தில் பஞ்சு எடுப்பார்கள்.

அங்கேயே இன்னொரு பழக்கமும் உண்டு. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தூவிவிடுவார்கள். அறுவடைக்குள் அது முளைத்துவிடும். பிறகு ஈரத்தையும் பனியையும் குடித்தே வளரும்.

பருத்தி தனி, உளுந்து தனி என்று இருப்பதை ஒரே வயலில் சேர்த்தால் அதுதான் ஊடுபயிர். ஏரியில் நவரை நெல்லுக்குப் போதாத தண்ணீர் இருக்கிற வருஷத்தில், செங்கல்பட்டு நஞ்சையிலும் இதைச் செய்து பார்க்கலாம். மழைக் காலம் முடிந்துவிட்டதால், வேரில் தண்ணீர் நிற்கும் பயம் குறைவு.

தண்ணீர்க் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் சுமார் 4,000 லிட்டர் வேண்டும்.

நெல்லுக்கு மொத்தம் சுமார் 1,200 மில்லி மீட்டர் தேவை. அது 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கொண்டு வந்தால் 400 லாரி!

பருத்திக்குச் சுமார் 600 மில்லி மீட்டர். 200 லாரி போதும்.

உளுந்துக்குச் சுமார் 300 மில்லி மீட்டர். 100 லாரி.

பருத்தியும் உளுந்தும் சேர்ந்தால் 300 லாரியா? இல்லை. பாய்ச்சிய ஈரத்தை இரண்டும் பங்கிட்டுக் கொள்ளும். வெயிலில் ஆவியாகப் போகிற ஈரமும் குறையும். ஆனாலும் பருத்தி மட்டும் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். அதை மறக்கக் கூடாது.

எப்போது பாய்ச்சுவது? இதுதான் முக்கியம். உளுந்து 35 நாள் வாக்கில் பூக்கும். அப்போதும், காய் பிடிக்கும்போதும் தண்ணீர் காட்டத் தவறக் கூடாது. பருத்திக்குப் பூக்கும் காலமும் காய் பருக்கும் காலமும் முக்கியம். உளுந்து போன பிறகு பருத்திக்குத் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். ஏரியில் இருக்கிற தண்ணீரை முதல் மாதத்திலேயே இறைத்துவிட்டால், பஞ்சு வெடிப்பதற்குள் செடி காய்ந்துவிடும்.

தண்ணீர் குறைவாக இருந்தால், ஒன்று விட்டு ஒரு சாலில் பாய்ச்சலாம். இந்த முறை இந்தச் சால். அடுத்த முறை அடுத்த சால். சொட்டுநீர்க் குழாய் போட வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எப்படி விதைப்பது?

முதலில் வயலைச் சுற்றி வடிகால் எடுங்கள். இது தாழ்ந்த நிலம். கோடையில் ஓர் இடி மழை பெய்தாலும் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும்.

பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் பருத்தியை ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒரு அடி என்பது நெல் தரிசில் வழக்கம்.

இரண்டு அடிக்குள் பயறுக்கு இடம் நெருக்கம் என்று தோன்றினால், பருத்தியை ஜோடி வரிசையாக்கலாம். இரண்டு வரிசையைச் சற்று நெருக்கி நடுங்கள். அடுத்த ஜோடிக்கு முன் அகலமான இடம் விடுங்கள். அந்த அகலத்தில் பயறு. பருத்திச் செடியின் எண்ணிக்கை குறையாது. பயறுக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

பயறு விதைக்கு ரைசோபியம் பூச வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் கலந்து, விதைமேல் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் விதைப்பது நல்லது. பயறைத் தாமதித்தால், அது பருத்தியின் நிழலில் மாட்டிக் கொள்ளும்.

பயறை அறுக்கும்போது வேரோடு பிடுங்காதீர்கள். அறுத்தெடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். உடனே பருத்திக்கு மேலுரம் வைத்து மண் அணையுங்கள்.

ஆடி மழைக்கு முன்பே பஞ்சை எடுத்துவிட வேண்டும். நனைந்த பஞ்சு கறை படும், விலை இறங்கும்.

சோயாவா? உளுந்தா?

சோயா சத்துள்ள பயறு. 100-க்குச் சுமார் 40 பங்கு புரதம். சுமார் 20 பங்கு எண்ணெய். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் லட்சக்கணக்கான ஏக்கரில் விளைகிறது. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் பருத்தியும் சோயாவும்தான் முக்கியப் பயிர்கள்.

ஆனால் நம் ஊரில் சோயா விதைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாங்குபவர் யார்?

அங்கே எண்ணெய் ஆலைகள் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தீவன ஆலையோ வியாபாரியோ முன்னதாகவே பேசி முடித்தால் மட்டுமே சோயா போடலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சோயா விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். போன வருஷ விதையை நம்பி விதைத்தால் பாதி முளைக்காது. பத்து விதையை ஈரத் துணியில் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும்.

உளுந்துக்கு இந்தக் கவலை இல்லை. விற்காவிட்டால் வீட்டில் இட்லி ஆகும்! மிச்சத்தை ஊர்க் கடையே வாங்கிக் கொள்ளும். முதல் முறை செய்து பார்ப்பவர்களுக்கு உளுந்தே நல்ல துணை.

வெள்ளை ஈ ஜாக்கிரதை!

இரண்டு பயிர் சேர்ந்தால் பூச்சி குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை.

தட்டைப்பயறை ஊடே போட்டால், அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். வந்த பொறிவண்டு பருத்தியில் உள்ள அசுவினியையும் தின்னும். இது நன்மை.

ஆனால் வெள்ளை ஈ பருத்தியையும் விடாது. உளுந்தையும் சோயாவையும் விடாது. அது உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். இலையில் பளிச்சென்று மஞ்சள் புள்ளி கண்டால், அந்தச் செடியை அன்றே பிடுங்கி அழியுங்கள். இரக்கம் பார்த்தால் வயல் முழுவதும் மஞ்சளாகும்.

வரப்பில் ஆமணக்கு நட்டால், இலை தின்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி முதலில் அதில் முட்டை வைக்கும். அங்கேயே கிள்ளி எறியலாம். செண்டுமல்லி நட்டால் காய்ப்புழு அதைத் தேடிப் போகும். செலவில்லாத காவல்காரர்கள்!

கடல் ஓரத்துக்குத் தனிக் கணக்கு

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செய்யூர் வரை கடலோரம் வேறு மண். மணல் அதிகம்; சவுக்கும் முந்திரியும் வேர்க்கடலையும் தர்பூசணியும் விளையும் பூமி. கரையை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாயில் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பருத்தித் துணியோடு பழைய உறவு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, மெல்லிய மஸ்லின் துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். கோட்டை இன்னும் நிற்கிறது.

இந்தக் கரையில் உப்புதான் எதிரி.

நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே கடலின் உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. மோட்டார் போட்டு இஷ்டம்போல் இறைத்தால் என்ன ஆகும்? நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உள்ள உப்புத் தண்ணீர் சுமார் 40 அடி மேலே ஏறும் என்பது நிலத்தடி நீர் நிபுணர்களின் கணக்கு. கிணறு ஒருமுறை உப்பாகிவிட்டால், நல்லதாக மாறப் பல மழைக்காலம் ஆகும்.

பருத்தி வளர்ந்த பிறகு உப்பை ஓரளவு தாங்கும். நெல்லைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் உளுந்து தாங்காது. முளைக்கிற பருவத்தில் பருத்தியும் தாங்காது. ஆகவே கடலோரத்தில் பருத்தியும் உளுந்தும் சேர்த்துப் போட நினைப்பவர்கள், முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கரித்தால் இந்த ஜோடி வேண்டாம்.

செங்கல்பட்டுச் சீமையிலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வட்டாரந்தோறும் வேளாண்மை அலுவலகம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஒருவர் முடிவு செய்தால் போதுமா?

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் வயலுக்குள் நடக்கும் காரியம். இனிச் சொல்லப் போவது வரப்பைத் தாண்டிய காரியம். இதில்தான் பல பேர் தோற்றுப் போகிறார்கள்.

ஏரிக்கரையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"ஏன் பெரியப்பா, இந்த வருஷம் நான் நெல் போடலே. பருத்தியும் உளுந்தும் போடலாம்னு இருக்கேன்."

"போடு தம்பி. ஆனா மேலண்டை வயல்காரன் நவரை நெல்லு நடுறானே! அவன் கட்டுற தண்ணி கசிஞ்சு உன் வயலுக்குத்தானே வரும்? பருத்தி நிக்குமா?"

பெரியப்பா சொல்வதுதான் சரி!

மேல் வயலில் நெல், கீழ் வயலில் பருத்தி என்றால், கசிவு நீரிலேயே பருத்தி வேர் அழுகும். மேலும், மதகு திறந்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் வரும். நெல்லுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் கேட்பார்கள். பருத்திக்குப் பத்து, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். யாருக்காக மதகைத் திறப்பது?

ஒரு மதகில் பாயும் வயல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, "இந்த வருஷம் இந்த மதகுக்கு மாற்றுப் பயிர்" என்று முடிவு செய்தால்தான் இது நடக்கும். அப்படி முடிவு செய்தால், நெல்லுக்குப் பாதி ஆயக்கட்டுக்கூடக் காணாத தண்ணீர், கடைமடை வரைக்கும் பாயும்!

இப்படிக் கூடி முடிவு செய்வது நம் சீமைக்குப் புதியதா?

பக்கத்தில் இருக்கிற உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டியவை. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியெல்லாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் வேலை. 360 நாள் பதவி. பிறகு வேறு ஆட்கள்!

அன்று எல்லாரும் அந்தக் குடத்தில் பெயர் போட முடியவில்லை. நிலம் உள்ளவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான் இடம். அந்தக் குறை இன்று வேண்டாம். குத்தகைக்கு உழுகிறவரும், வயலில் களை எடுக்கும் பெண்களும் உட்கார்ந்து பேசும் கூட்டமாக அது இருக்க வேண்டும். ஏரி ஒன்று, கணக்கு எல்லாருக்கும் என்ற எண்ணம் மட்டும் அன்றைக்கு இருந்ததே, அதை எடுத்துக் கொள்ளலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 528 ஏரிகள் இருக்கின்றன. மதுராந்தகம் ஏரி அவற்றில் பேர் பெற்றது. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை அதன் கரையைப் பழுது பார்த்த கதையும், ராமர் வந்து ஏரியைக் காத்த கதையும் இன்றும் ஊரில் வழங்குகின்றன.

ஆனால் கரையைக் கடவுள் காத்தாலும், தூரை நாம்தான் எடுக்க வேண்டும்! வரத்துக் கால்வாயில் வீடு கட்டினால், ஏரிக்குத் தண்ணீர் எப்படி வரும்? சென்னை நகரம் தெற்கே வளர வளர, வயல்கள் மனைகளாகின்றன. மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு வருவதுதான் இந்தச் சீமையின் வழக்கம். நடுவே ஒரு கண்ணி அறுந்தால், கீழே உள்ள எல்லா ஊருக்கும் கேடு.

ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு பயிரும் இல்லை. இரண்டு பயிரும் இல்லை.

பத்து சென்டில் ஆரம்பியுங்கள்!

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. இன்று கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

ஆகவே முழு வயலையும் மாற்ற வேண்டாம். பத்து சென்ட் நிலத்தில் பருத்தியும் உளுந்தும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்தில் பத்து சென்டில் பருத்தி மட்டும் போடுங்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை தண்ணீர், எத்தனை ஆள், எத்தனை ரூபாய் என்று பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதட்டும். அதற்கும் ஒரு பாடம்!

ஆனி மாதத்தில் பஞ்சு எடுத்து, உளுந்துப் பணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். லாபம் வந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மதகுக் கூட்டத்துக்குப் போங்கள். பக்கத்து வயல்காரரிடம் வாயால் சொல்வதைவிட எழுத்தில் காட்டுங்கள்.

நஷ்டம் வந்தாலும் பத்து சென்ட் நஷ்டம்தான். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பத்து சென்ட் நஷ்டம், ஊரில் நூறு ஏக்கரைக் காப்பாற்றும்.